இளவேனிலை மரங்களிடம் கேட்டறிவது

இளவேனில் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை என்பதால், நாட்காட்டியைவிட மரங்களைப் பார்த்து அதை அறிவதே நல்லது. தமிழகச் சமவெளியில் பங்குனி பிறந்ததும் புங்க மரத்தைக் கவனியுங்கள். பழைய இலைகளை உதிர்த்த மரம் சில நாட்களிலேயே பளபளக்கும் இளம்பச்சைத் தளிரால் நிறைந்துவிடும். வேம்பு பூத்திருக்கும் தெருவிலோ இருட்டிய பிறகு நடக்க வேண்டும், அப்போதுதான் அதன் மணம் முழுமையாகக் கிடைக்கும். விடியற்காலையில் மரத்தடியில் துணி விரித்து, உதிரும் பூக்களைச் சேர்த்து, தூசி நீக்கி வெயிலில் உலர்த்தி வைத்தால், சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் பின்னர் பல மாதங்கள் ரசத்துக்கும் அவை உதவும். சரக்கொன்றை பூத்திருப்பதைக் காண ஏப்ரலும் மேயும் ஏற்றவை.

நீலகிரியின் சோலை விளிம்புகளில் காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் மரத்தின் சிவந்த பூக்களைக் காண விரும்புவோர் கோடை விடுமுறைவரை காத்திருக்கக் கூடாது, பிப்ரவரியே சிறந்தது.

டொராண்டோவில் வாழும் நம்மவர்கள் ஹை பார்க்கின் செர்ரி மரங்களை ஏப்ரல் பிற்பகுதியிலிருந்தே கவனித்து வரலாம். முழு மலர்ச்சி ஏறத்தாழ ஒரு வாரமே நீடிக்கும், மழையும் காற்றும் அதையும் குறைத்துவிடும் என்பதால், மொட்டுகள் நிறம் காட்டியதுமே கூட்டமில்லாத ஓர் அதிகாலையை ஒதுக்கிச் செல்லுங்கள். படம் எடுப்பதற்காகக் கிளைகளை வளைக்காதீர்கள்.