லேன் மாறுவதற்கு முந்தைய நான்கு நொடிகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆனவர்களும் ‘ஹைவேயில் லேன் மாறத்தான் பயமாக இருக்கிறது’ என்று வருவார்கள். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் பலரிடமும் ஒரே பழக்கம். கை இண்டிகேட்டரைப் போடும்போதே ஸ்டியரிங்கும் திரும்பிவிடும். கேட்டால், “இண்டிகேட்டர் போட்டேனே சார்” என்பார்கள். பின்னால் வருகிறவர் அதைப் பார்க்க வேண்டும், நீங்கள் எந்தப் பக்கம் வரப்போகிறீர்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் கொடுக்காமல் போட்ட இண்டிகேட்டர் யாருக்கும் உதவாது.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்னும். டேஷ்போர்டில் பச்சை அம்புக்குறி ஐந்து முறை மின்னும்வரை ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஏறக்குறைய மூன்று, நான்கு நொடி ஆகும். லீவரை லேசாகத் தட்டினால் பல கார்களில் மூன்று முறை மின்னி நின்றுவிடும். வேகமான சாலையில் அது போதாது. முழுசாக அழுத்திப் போடுங்கள். வழக்கத்தைவிடப் படபடவென்று வேகமாக மின்னினால், பல வண்டிகளில் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். இறங்கிப் பாருங்கள்.

இண்டிகேட்டர் போடுவதற்கு முன்பே கண்ணாடியைப் பார்க்க வேண்டும். உள் கண்ணாடி தட்டையானது, தூரத்தை உள்ளபடி காட்டும். பக்கக் கண்ணாடி பல வண்டிகளில் சற்றுக் குவிந்தது. அதில் வண்டிகள் சின்னதாக, இன்னும் தள்ளி வருவதுபோலத் தெரியும். ஆகவே இரண்டையும் பாருங்கள், தூரத்தை உள் கண்ணாடியை வைத்து முடிவு செய்யுங்கள். தூரத்தைவிட முக்கியம், அந்த வண்டி எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பது. நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், அந்த லேனில் 50 மீட்டர் பின்னால் ஒருவர் 100-ல் வருகிறார் என்றால், நாலரை நொடியில் உங்கள் பம்பரில் இருப்பார். அதே 50 மீட்டரில் அவரும் 60-ல் வந்தால் தாராளமாகப் போகலாம். ஒருமுறை பார்த்தால் வேகம் தெரியாது. பார்த்து, முன்னால் பார்த்து, மறுபடி பாருங்கள்.

அடுத்தது தலையைத் திருப்புவது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விடாமல் நச்சரிக்கிறேன். பின்கதவுக்குப் பக்கத்தில் வரும் பைக் எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் போகலாம். மோவாய் தோளை நோக்கிப் போகட்டும், ஆனால் தோள் அசையக் கூடாது. தோள் திரும்பினால் கையும் இழுபட்டு வண்டி விலகும். அரை நொடிப் பார்வை போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடும். முன்வண்டியோடு நல்ல இடைவெளி இருந்தால்தான் அந்த அரை நொடியை நிம்மதியாகச் செலவழிக்க முடியும். மூன்று லேன் சாலையில் ஓர லேனிலிருந்து நடு லேனுக்கு வருவதானால், மறு ஓரத்தையும் பாருங்கள். அங்கிருந்தும் ஒருவர் அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கலாம்.

இடம் இருக்கிறதா? இப்போது ஸ்டியரிங்கை மிக லேசாக அசைத்தால் போதும், மூன்று நான்கு நொடியில் வண்டி தானாகப் பக்கத்து லேனுக்குச் சரிந்து போகும். பிரேக் மிதிக்காதீர்கள். பயத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேகமான லேனுக்குள் நுழைவதுதான் ஆபத்து. இடம் இருக்கும்போது அந்த லேனின் வேகத்துக்கு ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு லேன் தாண்ட வேண்டுமா, ஒன்றில் நேராக நிலைத்த பிறகு இன்னொன்றுக்கு மறுபடி முதலிலிருந்து எல்லாம். தொடர்கோடு போட்ட இடம், வளைவு, சந்திப்பு, இங்கெல்லாம் மாறவே வேண்டாம்.

லாரியைத் தாண்டும்போது, அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். அங்கே நிற்காமல் கடந்துவிடுங்கள். திரும்ப அந்த லேனுக்கு வர, லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் உங்கள் உள் கண்ணாடியில் முழுசாகத் தெரிய வேண்டும். அப்போதும் அதன் முன்னால் போய் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

இண்டிகேட்டர் போட்ட பிறகு பின்வண்டி விடாமல் வேகமெடுத்தால்? விட்டுவிடுங்கள், அவர் போகட்டும். போட்டுவிட்டோமே என்று நுழைய வேண்டியதில்லை. எக்ஸிட் தவறினால் அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பலாம்.

லேனில் நிலைத்ததும் இண்டிகேட்டரை நீங்களே அணையுங்கள். திருப்பத்தில் ஸ்டியரிங் நிறையச் சுற்றுவதால் லீவர் தானே திரும்பும். லேன் மாறும்போது அவ்வளவு சுற்றாது. மின்னிக்கொண்டே போனால் பின்னால் இருப்பவர் நீங்கள் இன்னும் மாறப்போவதாக நினைத்துத் தயங்குவார்.