மனிதப் புரதத்தை உருவாக்கிக் கெடாமல் காக்கும் முறை

பாளையங்கோட்டைப் பகுதிக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் மறுசேர்க்கை மனிதப் புரதத்தை (மனித மரபணுவைப் பாக்டீரியா போன்ற வேறோர் உயிரில் புகுத்திப் பெறும் புரதம்) முதன்முதலாகத் தயாரிக்க விரும்பும் மாணவர்களுக்கு, மனிதக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 என்னும் நொதியையே நான் பரிந்துரைப்பேன். சுமார் 29 கிலோடால்டன் எடையுள்ள இதில் டைசல்ஃபைடு பிணைப்பு (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) ஒன்றுகூட இல்லை. சர்க்கரைச் சங்கிலியும் தேவையில்லை. அதனால் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள்ளேயே இது ஒழுங்காக மடிந்து, கரைந்த நிலையில் கிடைக்கிறது.

கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் பெற்ற பின், ஹிஸ்டிடின் வால் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் தொடர்) இணைத்த மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிடை (வட்ட வடிவ டிஎன்ஏ) பிஎல்21(டிஇ3) என்னும் ஈ. கோலை வகைச் செல்களில் ஏற்றி, 37 டிகிரி செல்சியஸில் வளர்க்க வேண்டும். செல்கள் பெருகியதைக் காட்டும் ஒளியடர்த்தி 600 நானோமீட்டரில் 0.6 ஆனதும், வெப்பத்தை 20 டிகிரிக்கு இறக்கி, 0.5 மில்லிமோலார் ஐபிடிஜியும் (புரத உற்பத்தியைத் தூண்டும் பொருள்) 0.1 மில்லிமோலார் துத்தநாக சல்பேட்டும் சேர்த்து, இரவு முழுவதும் குலுக்கவும். மூன்று ஹிஸ்டிடின்கள் பற்றியிருக்கும் துத்தநாக அயனியே இந்நொதியின் உயிர் என்பதால், அதை மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் சாதாரண ஷேக்கர் அறைவெப்பத்துக்குக் கீழே இறங்காது. குளிரூட்டும் ஷேக்கர் கட்டாயம் வேண்டும்.

செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, 10 நொடி ஒலியலை, 30 நொடி ஓய்வு என்று உடைத்து, சுழற்றித் தெளிந்த நீரை ஹிஸ்டிடின் வாலைப் பற்றிக்கொள்ளும் நிக்கல் பத்தியில் (பிசின் நிரப்பிய குழாய்) ஏற்றுக. நிக்கலுக்காக ஹிஸ்டிடினோடு போட்டியிடும் இமிடசோலால், 20 மில்லிமோலார் அளவில் கழுவி, 250 மில்லிமோலாரால் பிரித்தெடுக்கலாம். தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பஃபருக்கு (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) அயனி நீக்கிய நீரே வேண்டும். எந்தக் கட்டத்திலும் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ சேர்க்காதீர்கள். அது நிக்கலையும் உருவும், நொதியின் துத்தநாகத்தையும் பறிக்கக்கூடும். இமிடசோலும் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால், சவ்வு வழியே அதை வெளியேற்றும் டயாலிசிஸ் முடிந்த பிறகே புரதத்தின் அளவைக் கணக்கிட வேண்டும்.

பலருடைய உழைப்பு வீணாவது இதற்குப் பிறகுதான். சோடியம் பாஸ்பேட் பஃபரை உறையவைத்தால், அதன் ஓர் உப்பு முன்னதாகப் படிகமாகிவிடுவதால், மீதிக் கரைசல் அமிலத்தன்மை அடைந்து புரதத்தைத் தாக்கும். டிரிஸ் பஃபரோ குளிரக் குளிர, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 என்ற அளவில் பிஎச் உயரும். ஆகவே 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் (மற்றொரு பஃபர் பொருள்), பிஎச் 7.5, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 10 விழுக்காடு கிளிசரால் என்ற கலவையை நான் விரும்புகிறேன். மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில், ஒரு நாள் வேலைக்குப் போதுமான 50 மைக்ரோலிட்டர் குழாய்களாகப் பங்கிட்டு, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மெதுவாக உறைந்தால், பனிப்படிகங்களுக்கு இடையே உப்பும் புரதமும் செறிந்து திரளும்.

ஒருமுறை நீண்ட மின்வெட்டில் எங்கள் உறைபெட்டி இளகி, ஒரு மாத உழைப்பு வெண்மையான கசடாய்ப் படிந்ததைக் கண்டு மனம் நொந்துபோனேன். அன்றிலிருந்து ஒரு பங்கை 50 விழுக்காடு கிளிசராலில் மைனஸ் 20 டிகிரியில் வேறு பெட்டியில் வைக்கிறேன். அது அந்தக் குளிரிலும் உறையாது. ஆனால் தானாகப் பனி நீக்கும் வீட்டுப் பெட்டி இதற்கு உதவாது. அது இடையிடையே சூடேறும். நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு மாதிரி கொண்டு செல்வோர் வழியில் இளகாதபடி உலர்பனியில் பொதிந்து, வாயு வெளியேற இடைவெளி விட்டு மூட வேண்டும்.

தயாரித்த நாளிலேயே இந்நொதி பாரா-நைட்ரோஃபீனைல் அசிடேட் என்னும் பொருளைப் பிளந்து மஞ்சளாக்கும் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு திறக்கும் ஒவ்வொரு குழாயையும் அந்த எண்ணோடு ஒப்பிட்ட பின்பே சோதனையில் பயன்படுத்துங்கள்.