பன்றிப் பண்ணைக்குள் காய்ச்சலை விடும் தவறுகள்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரிந்தது 2020-இல், அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும். 2022 ஜூலையில் வயநாட்டின் மானந்தவாடிப் பண்ணைகளுக்கு வந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில் முதுமலைக் காட்டுப் பன்றிகள் செத்து விழுந்தன. 2024-இல் இலங்கைப் பண்ணைகளிலும் புகுந்தது. காற்றில் வெகுதூரம் போகிற வைரஸ் அல்ல இது. இவ்வளவு தூரம் வந்ததில் மனிதக் கைக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் தவறு தீவனத்தில். நம் பண்ணைகள் பலவும் ஹோட்டல், விடுதி, கல்யாண மண்டப மிச்சத்தை நம்பித்தான் ஓடுகின்றன. தீவனம் விற்கிற விலையில் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நோயுள்ள பன்றியின் இறைச்சித் துண்டு ஒன்று அதில் கிடந்தாலும் போதும். உறைய வைத்த இறைச்சியிலும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும். “சூடு பண்ணித்தான் போடுகிறோம்” என்பார்கள். டிரம்மின் ஓரத்தில் கொதி வந்ததும் அடுப்பை அணைத்தால், நடுவில் கட்டியாகக் கிடக்கும் சோற்றுக்குள் எலும்போடு சிக்கிய துண்டு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். 90 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு மணி நேரம், விடாமல் கிளறிக்கொண்டே வேகவைக்க வேண்டும் என்கிறது உலக விலங்கு சுகாதார அமைப்பு. பச்சைக் கழிவு வந்த வாளியிலேயே வெந்ததை அள்ளினால் அவ்வளவு விறகும் வீண். இது கட்டுப்படியாகாது என்றால், இறைச்சி கலந்த கழிவை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

தடுப்பூசி போட்டாயிற்று என்ற நிம்மதி இன்னொரு தவறு. இங்கே வழக்கமாகப் போடுவது ‘கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்’ என்கிற பழைய பன்றிக் காய்ச்சலுக்கான ஊசி. அது வேறு வைரஸ். அதையும் போடத்தான் வேண்டும், ஆனால் ஆப்பிரிக்கக் காய்ச்சலை அது தடுக்காது. ஆன்டிபயாட்டிக் ஊசியும் வைரஸை ஒன்றும் செய்யாது. ஊசி போட வருகிறவர் பண்ணைக்குப் பண்ணை அதே சிரிஞ்சோடு போனால், ரத்தத்தின் வழியே நோயும் கூடவே போகும்.

சந்தையில் வாங்கிய குட்டியை அன்றைக்கே மற்றவற்றோடு அடைக்கவும் கூடாது. நோய் வெளியே தெரிய 4 முதல் 19 நாள் வரை ஆகலாம். ஒரு மாதம் தனிக் கொட்டகை, தனி வாளி, முடிந்தால் தனி ஆள்.

வாசலில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாணமும் சேறும் அப்பிய இடத்தில் குளோரின் வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் மருந்து. வியாபாரியின் வண்டிச் சக்கரத்துக்கும் இதே கணக்கு. இன்னும் நல்லது, வண்டியை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்வது.

இதையெல்லாம் விடக் கொடியது பயந்து விற்பது. தீனி எடுக்காமல் படுத்துவிட்டது, உடம்பு கொதிக்கிறது, காதும் வயிறும் சிவந்து நீலம் பாய்கிறது, சினைப் பன்றி கருவைக் கலைத்துவிட்டது என்றால், மிச்சத்தையாவது காசாக்கலாம் என்று ராத்திரியோடு வண்டி ஏற்றிவிடுகிறார்கள். போட்ட முதல் முழுக்கப் போகிற பயம், புரிகிறது. ஆனால் அந்த வண்டி நிற்கிற ஊரிலெல்லாம் இன்னொரு குடும்பத்தின் முதல் போகும். செத்ததை ஓடையிலோ காட்டோரத்திலோ வீசினால் காட்டுப் பன்றி தின்னும், நாய் இழுத்துப்போகும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் கடமையும்கூட. மாதிரி போபாலில் உள்ள ஆய்வகத்துக்குப் போய் உறுதியானால், சுற்றி 1 கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளை அழிப்பார்கள். கொடுமைதான். ஆனால் அப்படி அரசு அழிக்கும் பன்றிக்கு இழப்பீடு உண்டு. மறைத்து வைத்துத் தானாகச் செத்த பன்றிக்குக் கிடையாது.