பிரஷ்லெஸ் காருக்கு இஎஸ்சி தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) மோட்டாரில் ஓடும் ஆர்சி காருக்கு, அதாவது ரிமோட்டில் இயக்கும் சிறிய காருக்கு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது இஎஸ்சி, வாங்குபவர்களில் பலர் அதன் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கருவி எத்தனை செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைத் தாங்கும் என்பதைத்தான். ஒரு லிப்போ செல்லை 3.7 வோல்ட் என்று குறிப்பிட்டாலும், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அது 4.2 வோல்ட் இருக்கும். எனவே 11.1 வோல்ட் என்று எழுதியிருக்கும் 3 செல் பேட்டரியிலிருந்து இஎஸ்சிக்குத் தொடக்கத்தில் கிடைப்பது 12.6 வோல்ட். 2 செல்லுக்கு மட்டுமே உருவான கருவியில் இதை இணைத்தால், உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டுகளும் (மின்னோட்டத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் பாகங்கள்) மின்தேக்கிகளும் நொடியில் கருகிப்போகலாம். ஆம்பியர் மிகும்போது பெரும்பாலும் சூடு ஏறி எச்சரிக்கை கிடைக்கும். வோல்ட் மிகும்போது அந்த அவகாசம் கிடைக்காது.

ஆம்பியரிலும் இரண்டு எண்கள் உண்டு. தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு ஒன்று, கண நேரம் மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவு மற்றொன்று. உச்ச அளவு எத்தனை நொடிக்குப் பொருந்தும் என்பதைப் பல தயாரிப்பாளர்கள் சொல்வதில்லை என்பதால், ஒப்பிடும்போது தொடர் அளவை மட்டுமே எடுத்துக்கொள்வது நல்லது. 2 அல்லது 3 செல்லில் ஓடும், அசல் காரில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவுக் கார்களில் 60 ஆம்பியர் கருவிகள் பரவலாகப் பயன்படுகின்றன; 4 முதல் 6 செல்லில் ஓடும், எடை மிகுந்த 1/8 அளவுக் கார்களில் 150 ஆம்பியர் கருவிகளைக் காணலாம்.

இருப்பினும், மோட்டார் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் கியர் விகிதமும்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே மிகுந்த செலவு வைக்கும் தவறு என்பது என் கருத்து. கேவி என்பது சுமையில்லாத மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் சுழலும் சுற்றுகளின் எண்ணிக்கை. 3300 கேவி மோட்டார், சுமையில்லாத நிலையில், முழு சார்ஜில் உள்ள 2 செல்லில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 27,700 சுற்றுகளும் 3 செல்லில் ஏறத்தாழ 41,600 சுற்றுகளும் சுழலும். பேட்டரியை மாற்றிவிட்டுப் பழைய பினியனையே (மோட்டார் தண்டில் உள்ள சிறிய பல்சக்கரம்) வைத்திருந்தால், முன்பு போதுமானதாக இருந்த இஎஸ்சி திணறத் தொடங்கும். செல் கூடும்போது பினியனின் பற்களைக் குறைத்து, சில நிமிடங்கள் ஓட்டியதும் வண்டியை நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரையும் இஎஸ்சியின் வெப்பத் தகட்டையும் அளந்து பார்க்க வேண்டும். மோட்டார் 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால், பெரிய இஎஸ்சியைத் தேடுவதற்கு முன் கியரைச் சரிசெய்வதுதான் முறை. எத்தனை செல்லுக்கு எந்த கேவி வரை பயன்படுத்தலாம் என்ற வரம்பு பல கருவிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. அதை வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

சென்சார் இல்லாத இஎஸ்சி, மோட்டார் சுழலும்போது அதில் உருவாகும் எதிர் மின்னழுத்தத்தைக் கொண்டுதான் ரோட்டரின் (மோட்டாரின் சுழலும் பகுதி) நிலையை அறிகிறது. நின்ற நிலையிலும் மிகக் குறைந்த வேகத்திலும் அந்த அழுத்தம் போதாததால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். வேகமாக ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இது பெரிய குறையல்ல. பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏற வேண்டிய கிராலருக்கோ, சென்சார் உள்ள மோட்டாரையும் அதற்கேற்ற இஎஸ்சியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இஎஸ்சிக்குள் பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பகுதியான பிஇசியைப் பலர் கவனிப்பதே இல்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் சக்கரங்களைத் திருப்பும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது இதுவே. 2 ஆம்பியர் மட்டுமே தரும் பிஇசியில் வலுவான சர்வோவைப் பொருத்தினால், சக்கரம் எதிலாவது சிக்கி சர்வோ முக்கும் தருணத்தில் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்துபோகலாம். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் சேர்ந்தே கைவிட்டுப் போகும். பிஇசியின் வோல்ட் அளவைச் சர்வோ தாங்குமா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

கடைசியாக, பேட்டரி வயரை நீட்டி ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். வயர் நீளமானால் மின்னழுத்த அதிர்வு கூடி, அந்தச் சுமை முழுவதும் இஎஸ்சியின் மின்தேக்கிகள் மீது விழும். நீட்டித்தே ஆக வேண்டும் என்றால், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் கூடுதல் மின்தேக்கியை இஎஸ்சிக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.