சிறுபடங்களால் ஒரு முகம்: ஃபோட்டோ மொசைக் நிரல் எழுதும் முறை

பெரிய படத்தைக் கட்டங்களாக வெட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி நிறம் பார், அதே நிறமுள்ள சிறுபடத்தை (தம்ப்நெயில்) அங்கே ஒட்டு. ஃபோட்டோ மொசைக் என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இப்படிச் செய்தாலும் படம் வரும். தள்ளி நின்று பார்த்தால் ஒரு முகம் தெரியும், ஆனால் கண்ணின் விளிம்பும் உதட்டோரமும் மழுங்கிப் போயிருக்கும். எதை எதோடு ஒப்பிடுகிறோம், எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்ற இரண்டும்தான் மொசைக்கின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டையும்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் பறவைகளைப் படம் பிடிப்பவன், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும். எழுதுவது பைத்தானில். படங்களைத் திறக்க பில்லோ, கணக்குக்கு நம்பை என்ற நூலகங்கள். வேறு மொழியில் எழுதினாலும் முறை இதேதான்.

முதலில் எத்தனை கட்டங்கள் என்று முடிவு செய்யுங்கள். 1973இல் லியோன் ஹார்மன் என்ற ஆய்வாளர் சில நூறு சாம்பல் சதுரங்களை வைத்தே ஆபிரகாம் லிங்கனின் முகத்தை அடையாளம் காணும்படி செய்து காட்டினார். அந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றும் ஒரே நிறம். நம் கட்டங்களுக்குள்ளோ இறகும் கிளையும் வானமும் இருக்கின்றன, அவை முகத்தைக் கலைக்கப் பார்க்கும். அதனால் கட்டங்கள் அதிகம் வேண்டும். நான் 80 × 60 வைக்கிறேன், மொத்தம் 4,800. ஒரு கட்டத்துக்கு 50 பிக்சல் என்றால் படம் 4000 × 3000 ஆகும். திரையில் பார்க்க இது போதும். அச்சிடுவதாக இருந்தால் 100 பிக்சல் வையுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் ஒவ்வொரு சிறுபடமும் எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும், கிட்டப் போனால் எந்தப் பறவை என்று தெரியும். 50 பிக்சலில் அது நாலு மில்லிமீட்டர்தான்.

சிறுபடங்களைத் தயார் செய்வது ஒருமுறை வேலை. கேமரா பதிந்து வைத்த திசைக் குறிப்பின்படி படத்தை முதலில் நிமிர்த்துங்கள். பில்லோவில் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் அதைச் செய்யும். சதுரமாக்க நசுக்காதீர்கள், நடுப்பகுதியை வெட்டி எடுங்கள். ஜேபெக் கோப்புகளை டிராஃப்ட் முறையில் திறந்தால் எட்டில் ஒரு பங்கு அளவுக்கே விரிக்கலாம், நேரம் நன்றாக மிச்சமாகும். எல்லாவற்றையும் ஒரே நம்பை அணியாகச் சேமித்துவிட்டால் அடுத்த முறை ஆயிரக்கணக்கான கோப்புகளை மறுபடி திறக்க வேண்டியதில்லை.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். வெள்ளை வானத்தில் உட்கார்ந்திருக்கும் காகம் ஒரு படம், சட்டம் நிறைய சாம்பல் புறா இன்னொரு படம். இரண்டுக்கும் சராசரி நிறம் ஏறக்குறைய ஒன்றாக வரலாம். சராசரியை மட்டும் பார்க்கும் நிரல் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, கன்னத்தில் காகத்தை வைத்துவிடும். அதனால் ஒவ்வொரு சிறுபடத்தையும் 3 × 3 ஆகப் பிரித்து, ஒன்பது இடங்களிலும் நிறத்தை எடுங்கள். இடத்துக்கு மூன்று எண்கள், ஆக 27 எண்கள். பெரிய படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இதையே செய்யுங்கள். இப்போது மேலே வெளிச்சமும் கீழே இருட்டுமாக இருக்கும் படம் இமையோரத்தில் தானாகவே போய் உட்காரும். முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே மாற்றத்தில் முகத்தின் கோடுகள் கூர்மையாகிவிடும்.

சராசரி எடுக்கும்போது ஒரு விஷயம். கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையிலான எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. கறுப்பும் வெள்ளையும் பாதிப்பாதியாக உள்ள சதுரங்கத் தளத்துக்கு அப்படியே சராசரி எடுத்தால் 128 வரும், தூரத்திலிருந்து கண் காண்பதோ கிட்டத்தட்ட 188க்குச் சமமான வெளிச்சம். எனவே எண்களை முதலில் நேரியல் ஒளி அளவுக்கு மாற்றி, அதில் சராசரி எடுத்து, அப்புறம் 1976ஆம் ஆண்டின் லேப் வண்ணவெளிக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சத்தை ஒரு எண்ணாலும் நிறத்தை இரண்டு எண்களாலும் குறிக்கும் முறை அது. இரண்டு நிறங்களின் எண்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைத் தூரம் என்போம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி எண்களில் அளக்கும் தூரத்தைவிட லேப் தூரம் கண் உணரும் வித்தியாசத்துக்கு நெருக்கமானது. வெளிச்சத்தைக் குறிக்கும் எல் மதிப்பை நான் இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன், ஏனென்றால் உருவம் தெரிவதே வெளிச்ச வேறுபாட்டால்தான்.

3,000 சிறுபடங்கள் இருந்தால் கணக்கிட வேண்டியவை 1.44 கோடி தூரங்கள். இரட்டை லூப் போடாதீர்கள். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, பெருக்கல் பலனின் இரு மடங்கைக் கழித்தால் தூரத்தின் வர்க்கம் கிடைக்கும். ஒரே அணிப் பெருக்கலில் முடிந்துவிடும். அருகிலுள்ளதை வேகமாகத் தேட உதவும் கேடி ட்ரீ வேண்டாம், 27 பரிமாணத்தில் அதனால் பெரிய லாபம் இல்லை.

அடுக்கும் வரிசை அடுத்தது. ஒரே படம் திரும்பத் திரும்ப வராமலிருக்க, ஒவ்வொன்றையும் இத்தனை முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று வரம்பு வைப்போம். அந்த வரம்போடு மேலிருந்து கீழாக நிரப்பினால் நல்ல படங்களையெல்லாம் நெற்றியே எடுத்துக்கொள்ளும், வாய்க்கு மிச்சம் மீதிதான். அதற்குப் பதிலாக, ஒன்பது இடங்களுக்குள் வேறுபாடு அதிகமுள்ள கட்டங்களை முதலில் நிரப்புங்கள். கண், மூக்கு, வாய் தாமாகவே முன்னால் வந்துவிடும். பின்னணி கடைசியாக வந்தால் போதும். ஒரு படத்தை வைக்குமுன், ஆறு கட்டத் தொலைவுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடுத்த பொருத்தத்துக்குப் போங்கள்.

எல்லாம் நிரம்பியபின் இடமாற்றச் சுற்று ஒன்று ஓட விடுங்கள். ஏதாவது இரண்டு கட்டங்களை எடுத்து, படங்களை மாற்றிப் போட்டால் மொத்தத் தூரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்து, அருகருகே ஒரே படமும் வராவிட்டால் மாற்றிவிடுங்கள். சில லட்சம் முறை ஓடினால் பலன் தெரியும். சைபை நூலகத்தில் உள்ள ஒதுக்கீட்டு முறை (linear_sum_assignment) மிகக் குறைந்த மொத்தத் தூரத்தையே தரும், ஆனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் பக்கத்தில் விழுவதை அது தடுக்காது. அதனால் நான் இடமாற்றத்தையே நம்புகிறேன்.

என் தொகுப்பில் நீலமும் பச்சையும் ஏராளம், தோல் நிறத்துக்கு அருகில் வருபவை குறைவு. இந்த மாதிரிக் குறையைச் சாயம் பூசி மறைக்க நினைப்பவர்கள் உண்டு. மூலப் படத்தை மேலே 40 சதவீதம் கலந்தால் எந்தக் குப்பையும் முகமாகத் தெரியும், ஆனால் அது மொசைக் இல்லை. 15 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். அதைவிட நல்ல வழி, மூலப் படத்தின் வெளிச்ச வீச்சை உங்கள் தொகுப்பின் வீச்சுக்குள் சுருக்குவது. தொகுப்பில் ஆழ்ந்த கறுப்பே இல்லையென்றால் மூலத்திலும் அது இருக்க வேண்டாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் படங்களைச் சேர்க்க வேண்டியதுதான். சிட்டுக்குருவி, காய்ந்த புல், மண் கரை எல்லாம் தோல் நிறத்துக்கு நன்றாகக் கைகொடுக்கும்.

சரிபார்க்க, முடிந்த மொசைக்கை 240 × 180 அளவுக்கு, நேரியல் ஒளியிலேயே சுருக்குங்கள். ஒரு கட்டத்துக்கு 3 × 3 பிக்சல் கிடைக்கும், நாம் ஒப்பிட்ட அதே நுணுக்கம். மூலத்தையும் அதே அளவுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வையுங்கள். எங்கே நிறம் விலகுகிறதோ அந்த நிறத்தில்தான் உங்கள் தொகுப்புக்குப் படங்கள் போதவில்லை.