காலேஜ் உதவித்தொகைக்கு அப்ளை பண்ணப் போறீங்களா, முதல்ல பேங்க் அக்கவுண்ட்டை பாருங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எந்த காலேஜ் எந்த கோர்ஸ்னு ஓடுற ஓட்டத்துல உதவித்தொகை ஞாபகமே வராது, ஃபீஸ் கட்டச் சொல்றப்பதான் எல்லாரும் முழிப்போம். எங்க அக்கா பொண்ணுக்கு நான்தான் கூட அலைஞ்சேன், அதுல தெரிஞ்சுகிட்டதை சொல்றேன், தமிழ்நாட்டு கதை மட்டும்தான் இது.

எதுக்கு தகுதின்னு பாத்துக்கோங்க. 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா மாசம் 1,000 ரூபா, பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் (2022ல ஆரம்பிச்சது), பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் (2024). அரசு உதவி பெறும் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. வேற ஸ்காலர்ஷிப் வாங்குறோமே இது கிடைக்காதோன்னு பயந்து நிறைய பேர் விட்டுடுறாங்க, அப்படி இல்ல, ரெண்டும் வாங்கலாம். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் (பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கு குடுக்குறது) தனி, அதுக்கு அப்பா அம்மா வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். வீட்லயே முதல்ல டிகிரி படிக்கப் போறது உங்க பிள்ளைன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் எடுத்துடுங்க, கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் சேர்றவங்களுக்கு டியூஷன் ஃபீஸ்ல சலுகை இருக்கு, மேனேஜ்மெண்ட் கோட்டான்னா கிடையாது.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூணுமே இ-சேவை மையத்துல போடலாம், ஒவ்வொண்ணுக்கும் 60 ரூபா. அங்கிருந்து விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்)னு மேல மேல போகும், நடுவுல எங்க நிக்குதுன்னு ஆன்லைன்லயே பாத்துக்கலாம். ஒரு வாரமா விஏஓ கிட்டயே நின்னா நேர்ல ஒரு எட்டு போய் தலையை காட்டிட்டு வாங்க, கேட்டாத்தான் நகரும். அட்மிஷன் சீசன்ல கூட்டம் அள்ளும், அதனால ரிசல்ட் வரைக்கும் காத்திருக்காம பரிட்சை முடிஞ்ச கையோட போட்டுடுங்க.

அப்ளிகேஷன் காலேஜ் மூலமாதான் போகும். ஸ்காலர்ஷிப் பாக்குற சார் இல்ல மேடம் ஒருத்தர் இருப்பாங்க, யுமிஸ்ல (காலேஜ் மாணவர் விவரத்துக்கான அரசு வெப்சைட்) உங்க விவரம் ஏத்துவாங்க, அதுக்கு ஸ்கூல்ல குடுத்த எமிஸ் நம்பர் (ஸ்கூல் மாணவர் ஒவ்வொருத்தருக்கும் இருக்குற அடையாள நம்பர்) வேணும். நம்பர் தெரியலன்னா பழைய ஸ்கூல்ல கேட்டு வாங்கிடுங்க.

இனிமேதான் மெயின் மேட்டர். எங்க பொண்ணு கூட படிக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் 1,000 ரூபா வந்துச்சுன்னு மெசேஜ் வருது, இவளுக்கு மட்டும் நாலு மாசமா ஒண்ணும் வரல. காலேஜ்ல கேட்டா சாங்ஷன் ஆயிடுச்சுன்றாங்க, பேங்க்ல கேட்டா ஆதார் லிங்க் ஆயிருக்குன்றாங்க, நாங்க நடுவுல பந்து மாதிரி. கடைசில பாத்தா ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் ஸ்காலர்ஷிப்புக்குன்னு வேற பேங்க்ல ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணியிருக்கா, ஏடிஎம் கார்டு தொலைஞ்சே போச்சு, பாஸ்புக் அரிசி டப்பாவுக்கு பின்னாடி கிடக்கு. 4,000 ரூபாயும் அதுல சமத்தா உக்காந்திருந்துச்சு!

என்னன்னா, அக்கவுண்ட்ல ஆதார் நம்பர் பதியறது வேற, அரசு பணம் அந்த அக்கவுண்ட்டுக்கு வரணும்னு சீடிங் பண்றது வேற. ஃபார்ம்ல எந்த அக்கவுண்ட் நம்பர் எழுதினாலும் சரி, ஆதார் வழியா வர்ற பணம் கடைசியா சீடிங் ஆன அக்கவுண்ட்டுக்குதான் போகும். மை ஆதார் வெப்சைட்ல ஓடிபி போட்டு உள்ள போய் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு இருக்கும் பாருங்க, எந்த பேங்க், ஆக்டிவா இல்லையான்னு காட்டும். நீங்க நினைச்ச பேங்க் அங்க இல்லன்னா, பிராஞ்சுக்குப் போய் “டிபிடிக்கு சீடிங் பண்ணணும்”னு அதே வார்த்தைல கேளுங்க (டிபிடின்னா அரசு பணம் நேரா அக்கவுண்ட்டுக்கு வர்றது), சும்மா ஆதார் லிங்க்னு சொன்னா ஜெராக்ஸை வாங்கி வச்சுட்டு அனுப்பிடுவாங்க. ரெண்டு வருஷம் தொடாத அக்கவுண்ட்னா பணம் எடுக்க திரும்ப கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்) குடுக்க வேண்டி வரலாம்.

பேரையும் ஒரு தடவை ஒப்பிட்டுடுங்க. மார்க் ஷீட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்புக்ல இனிஷியலே இல்லன்னு இருந்தா பின்னாடி இழுக்கும், ஆதாரை மார்க் ஷீட் மாதிரி மாத்திக்கிறது சுலபம்.

போஸ்ட் மெட்ரிக் வருஷா வருஷம் ரினியூவல் உண்டு, செகண்ட் இயர்ல காலேஜ்ல யாரும் தேடி வந்து சொல்லமாட்டாங்க, நோட்டீஸ் போர்டுல ஒரு கண்ணு இருக்கட்டும்.