காளையின் தரவுத்தாளைக் கீழிருந்து வாசியுங்கள்

கொழும்பை அடுத்த வத்தளை, கொலன்னாவைப் பக்கங்களில் இரண்டு மூன்று கறவைப் பசுக்களை வைத்திருப்பவர்கள், காளையின் விந்தைச் செயற்கை முறையில் செலுத்தும் சினைப்படுத்துநரிடம் வழக்கமாகக் கேட்பது, "இந்தக் காளைக்குப் பிறக்கிற நாகு எத்தனை லீற்றர் கறக்கும்?" என்பதுதான். நானும் பல ஆண்டுகள் அதையே கேட்டேன். மடியழற்சியால் ஒரு காம்பை இழந்த பசுவும், மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை தங்காத பசுவும் ஒரே கொட்டகையில் நின்றபோதுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். வெளிநாட்டு உறைவிந்துக்குரிய தரவுத்தாளில் பால், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் எண்களே முதலில் கண்ணில் படும். உடல்நலம் சார்ந்த எண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடிப் பிடித்து, அவற்றை முதலில் வாசியுங்கள்.

பால் அளவில் பசுவுக்குப் பசு காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பரம்பரையால் வருவது. சினை தங்கும் திறனிலும் மடியழற்சி எதிர்ப்பிலும் அப்பங்கு 5 சதவீதமளவே. மிகுதியைத் தீவனமும் கொட்டகையும் கறப்பவரின் கையும் தீர்மானிக்கின்றன. இவ்வளவு மெல்லிய வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துத் தெரிவுசெய்ய இயலாது என்பதால், முன்பு ஒரு காளையின் மகள்கள் பலர் கறவைக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மரபணுத்தொகுதி முழுவதும் பரவிய குறிகளைக் கொண்டு, கன்றாக இருக்கும்போதே மதிப்பிடும் வழியை 2001 இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் ஆகியோர் முன்வைத்தனர். 2009 இல் அமெரிக்கா அதை ஹோல்ஸ்டீன், ஜேர்சி இனங்களுக்கு அதிகாரபூர்வமாக ஏற்றது. 2018 முதல் அங்கு ஹோல்ஸ்டீன் இனத்தில் மடியழற்சி, பால்காய்ச்சல், நஞ்சுக்கொடி தங்குதல் உள்ளிட்ட 6 நோய்களுக்கான எதிர்ப்புத்திறனும் மதிப்பிடப்படுகிறது.

அமெரிக்கத் தரவுத்தாள் கிடைத்தால், மகள்களின் சினையாகும் வீதத்தை முதலில் பாருங்கள். அதில் 1 கூடினால், கன்று ஈன்ற பசு மீண்டும் சினையாகும் காலம் ஏறத்தாழ 4 நாட்கள் குறையும். பாலில் உள்ள உடற்கலங்களின் அளவைக் காட்டும் உடற்கலப் புள்ளி 3 இலும் குறைவாக இருப்பது மடிக்கு நல்லது. அடுத்ததாக மதிப்பீட்டின் நம்பகத்தன்மை: மகள்கள் இன்னும் கறவைக்கு வராத இளங்காளைக்கு அது 70 சதவீதமளவே என்பதால், ஒரே காளையை நம்பாமல் இரண்டு மூன்று காளைகளை மாற்றிப் பயன்படுத்துங்கள்.

குறைபாட்டு மரபணுக்களுக்கான குறியீடுகளைத் தாண்டிப் போகாதீர்கள். 1962 இல் பிறந்த சீஃப் என்ற புகழ்பெற்ற ஹோல்ஸ்டீன் காளை, ஏராளமான பாலோடு, கருவை அழிக்கும் ஒரு மரபணு மாற்றத்தையும் தன் வழித்தோன்றல்களுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் உலகெங்கும் சுமார் 5 இலட்சம் கருக்கள் அழிந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணித்தனர். தரவுத்தாளில் அதற்குரிய குறியீடான 'எச்எச்1' (HH1) என்பதற்குப் பின்னால் 'சி' (C) என்ற எழுத்து இருந்தால், காளை அந்த மாற்றத்தைக் காவுகிறது. பசுவும் அதைக் காவினால் நான்கில் ஒரு கரு தங்காது.

இந்த எண்கள் யாவும் குளிர்நாட்டுத் தூய இனங்களிலிருந்து பெறப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது. கொழும்பில் வெப்பம் 30 பாகை செல்சியசாகவும் ஈரப்பதன் 80 சதவீதமாகவும் உள்ள பகலில் மாடு உணரும் வெக்கையை அளக்கும் வெப்ப-ஈரப்பதன் சுட்டி 83 ஐத் தொடும். ஹோல்ஸ்டீன் வகையைச் சேர்ந்த பிரீசியன் பசுவோ 72 ஐத் தாண்டியதுமே இரை குறைத்து, மூச்சிரைக்கத் தொடங்கிவிடும். ஆகவே, பிரீசியன் இரத்தத்தை மேலும் மேலும் ஏற்றாமல், வெக்கையையும் உண்ணியையும் தாங்கும் சகிவால் என்ற வெப்பநாட்டு இனத்தின் கலப்பை விட்டுவைப்பதே என் தெரிவு. குளிரான நுவரெலியாவில் உள்ளவர் வேறு முடிவுக்கு வரலாம்.

இத்தனையும் ஒரு பயிற்சிக் கொப்பி இல்லாவிட்டால் வீண். உறைவிந்துக் குழாயில் காளையின் பெயரும் இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும்; ஊசி போட்டதும் வெறுங்குழாயைக் கேட்டு வாங்கி, பசுவின் காதிலக்கத்தோடு எழுதிவையுங்கள். நான் ஒருமுறை அதை எழுதாமல் விட்டு, தகப்பன் காளையின் விந்தையே மகளுக்கும் போடச் செய்துவிட்டேன். அப்படிப் பிறக்கும் கன்றின் உள்ளினச் சேர்க்கை (இரத்த உறவுக் கலப்பு) 25 சதவீதம். என் கன்று ஒரு வயதிலும் ஆட்டுக்குட்டி அளவில்தான் நின்றது. வேட்கைக்கு வந்த நாள், ஈன்ற நாள், எந்தக் காம்பில் எப்போது அழற்சி வந்தது என்பவற்றையும் அதே பக்கத்தில் எழுதி, அடுத்த காளையைத் தெரிவுசெய்யுமுன் கொப்பியைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.